ஆம், இல்லை, தாம்பூலப் பை

பிப்ரவரி 20, செவ்வாய்

வேலை போனவர்களுக்கு அரசு தரும் பணத்துக்கு விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, முகவரி வரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வேலையைவிட்டுப் பிரிந்த காரணம் என்ன என்று கேட்டு மூன்று விடைகள் கொடுத்திருக்கிறார்கள். நானே விலகினேன். விலக்கப்பட்டேன். வேலை இல்லாமல் போனது.

மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அலுவலகம் அனுப்பிய கடிதத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கை நகரவில்லை. வேலை எப்படி இல்லாமல் போகும்? போன வியாழக்கிழமை எங்கள் நாற்பது பேரையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டு நன்றி சொன்னபோது, நான் பாதி சோதித்த பக்கம் ஒன்று திரையில் அப்படியே திறந்து கிடந்தது. அந்த வேலை இப்போதும் அங்கேதான் இருக்கும். நான்தான் இல்லை. அதற்கு ஒரு விடை கொடுக்கவில்லை.

ஏழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் செய்த இணையப் படிவங்களை உடைத்துப் பார்ப்பது. பிறந்த தேதியில் நாளைய தேதியைப் போட்டால் என்ன ஆகும், பெயர் இருக்கும் இடத்தில் எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். “முட்டாளா யோசிக்கிறதுக்கு உனக்குச் சம்பளம்” என்று என் கணவர் வாசு கிண்டல் செய்வார். அந்த யோசனையெல்லாம் இன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு மணி நேரமாக ஆறாவது பக்கத்துக்குப் போக முடியவில்லை.

மூன்றாவதைத் தொட்டுவிட்டேன். போயிற்று.

பிப்ரவரி 22, வியாழன்

வாசுவுக்குப் பயம். “கவர்மென்ட் காசு வாங்கினா கிரீன் கார்டுக்குப் பிரச்சினைன்னு எல்லாரும் சொல்றாங்க தமா.”

“எல்லாரும்னா யாருங்க?”

“வாட்ஸாப்ல வந்துச்சு.”

வக்கீலுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டே வரியில் பதில். இது உதவித்தொகை இல்லை, காப்பீடு. உங்கள் முதலாளி உங்களுக்காகக் கட்டியது. உங்கள் வேலை அனுமதி ஆகஸ்ட் வரை செல்லும், அதுவரை கவலை இல்லை.

வாசுவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “சரி, பாக்கலாம்” என்றார்.

வக்கீல் சொன்ன பிறகு இன்னும் என்ன பார்க்க இருக்கிறது என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆதிரைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. என் சுடிதார் தோளெல்லாம் எச்சில்.

மதியம் வாசு ஆரம்பித்தார். நல்லவிதமாகத்தான் கேட்டார். “பாப்பா ரெண்டு மூணு மாசம் வீட்லயே இருக்கட்டுமே. நீயும் வீட்லதான இருக்க. எதுக்கு டேகேருக்கு அவ்ளோ காசு?”

நான் விண்ணப்பத்தோடு வந்த கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பணம் வாங்குகிறவர் ஒவ்வொரு நாளும் ‘வேலைக்குத் தயாராக’ இருக்க வேண்டும். நாளைக்கே கூப்பிட்டால் நாளைக்கே போக முடிய வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாதவர் தயாராக இருப்பதாகக் கொள்ளப்பட மாட்டார்.

“அப்ப டேகேர் இருந்தாத்தான் காசு வருமா?”

“ஆமா.”

“வர்ற காசு டேகேருக்கே பத்தாதே.”

“ஆமா.”

“அப்ப எதுக்கு வாங்குற?”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பணத்துக்காக டேகேரா, டேகேருக்காகப் பணமா? எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நிற்கிறது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அந்த இடத்துக்காக நான் கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் கொடுத்துப் பதினோரு மாதம் காத்திருந்தோம். இப்போது விட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு நல்ல வேலை கிடைத்தாலும் போக முடியாது. ஆகஸ்டும் வந்துவிடும். அதற்குப் பிறகு நான் யார்?

இதை இப்படிச் சொல்லவில்லை. “ஆதிரையோட சீட்டு போயிரும்ங்க” என்று மட்டும் சொன்னேன்.

“சரி, பாக்கலாம்” என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

இனி ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போய், முடிந்த வாரத்துக்கான கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். வேலை செய்தீர்களா? ஏதாவது வேலையை மறுத்தீர்களா? வேலைக்குத் தயாராக இருந்தீர்களா? எத்தனை இடத்தில் வேலை தேடினீர்கள்?

எல்லாம் முடித்தேன். இந்த வாரத்துக்குப் பணம் இல்லை என்று வந்தது. நிராகரித்துவிட்டார்களோ என்று கையேட்டைப் புரட்டினேன். பிறகு தேடிப் பார்த்தால் முதல் வாரம் ‘காத்திருப்பு வாரம்’. யாருக்குமே பணம் கிடையாது, ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்று எங்கும் எழுதவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் ஆதிரையை டேகேரில் விடுவதை இனி வாசு பார்த்துக்கொள்கிறாராம். போன புதன்கிழமையிலிருந்தே அவர்தான் கொண்டுபோகிறார். “நீ நிம்மதியா வேலை தேடு” என்கிறார். ஒரு வருடத்தில் ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லை. காலை காபியை உட்கார்ந்து குடித்தேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளி லோகநாயகி அக்கா கூப்பிட்டார். மகள் ஸ்வேதாவுக்குச் சனிக்கிழமை வளைகாப்பு. “ஏங் கண்ணு, அறுவது பேருக்குக் கலந்த சாதம் பண்ணணும். கடையில வாங்குனா புளிசாதம் புளிசாதமாவா இருக்குது? உன்ற கையில தான் வருது. வர்றியா?”

வேலை போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ‘லீவு போட முடியாதுக்கா’ என்று சொல்வதற்கு ஒரு காரணம்கூட இல்லாமல், சரி என்றேன்.

மார்ச் 9, சனி

எலுமிச்சை, புளி, தேங்காய், எள், தயிர், சர்க்கரைப் பொங்கல். முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஸ்வேதா கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அமெரிக்க மேலாளர் ஒருத்தியும் வந்திருந்தாள். கன்னத்தில் பூசிய சந்தனத்தைக் கழுவாமல் அப்படியே காரில் ஏறிப் போனாள். புளிசாதம் முதலில் தீர்ந்தது. அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது லோகா அக்கா எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே எனக்கும் தாம்பூலப் பை கொடுத்தார். இன்று பிரித்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மயில் கழுத்து நிறத்தில் ரவிக்கைத் துணி, ஒரு டஜன் கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் தடவிய ஒரு கவர். நூற்றியொரு டாலர்.

எல்லோருக்கும் கவர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹேமாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் பையில் இல்லை.

அதன் பிறகு கணினியைத் திறந்தேன். முதல் கேள்வியே, ‘இந்த வாரத்தில் யாருக்காவது வேலை செய்தீர்களா? சம்பளம், கூலி, அன்பளிப்பு, சன்மானம் எந்த வடிவிலேனும் ஏதாவது பெற்றீர்களா?’

யாருக்காவது வேலை செய்தேனா? செய்தேன். வெள்ளிக்கிழமை முழுக்கப் புளிக்காய்ச்சல் கிளறினேன். ஆனால் அது வேலையா? வளைகாப்பு வீட்டில் சமைப்பது வேலை என்றால், ஸ்வேதா கையில் வளையல் போட்டதும் வேலைதானா? நலங்கு வைத்ததும்? பாட்டுப் பாடச் சொல்லி நான் பாடிய இரண்டு வரி?

பொய் சொன்னால் தண்டனை, பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம் என்று கீழே சிவப்பு எழுத்து.

நான் சோதித்த எந்தப் படிவத்திலும் வெற்றிலை வைத்த பையைக் கொண்டுவந்து ஒரு பெண் நிற்பாள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன்.

மூடிவைத்துவிட்டேன். சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வாங்காத மாதிரிதானே? அதுதான் சுலபம் என்று பட்டது. லோகா அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, பையில ஒரு கவர் இருந்துச்சு. தெரியாம வச்சிட்டீங்க போல.”

“தெரிஞ்சுதாங் கண்ணு வச்சேன்.”

“எனக்கு எதுக்குக்கா? சும்மா சமைச்சதுக்கு… திருப்பிக் குடுத்துடறேனே.”

“ஏனுங் தமயந்தி, படிச்ச புள்ளதான நீ? வளைகாப்பு ஊட்டுத் தாம்பூலத்த யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? எம்புள்ள வயித்துல ஏழு மாசம். என்ன பேச்சுப் பேசுற?”

பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘ஏனுங்’ போட்டால் கோபம் உச்சியில் என்று அர்த்தம். நான் பதறிப்போய், இல்லக்கா, தப்பா நினைக்காதீங்க, நான் வேற நினைப்புல என்று உளறி வைத்துவிட்டேன்.

வாங்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

வாசுவிடம் கேட்டேன். “நூறு டாலர். யாருக்குத் தெரியப்போகுது? இல்லன்னு போடு.”

“சிவப்புல எழுதியிருக்கே.”

“அது எல்லாருக்கும் எழுதுறது தமா.”

மார்ச் 12, செவ்வாய்

ஆம் என்று போட்டேன். முதலாளியின் பெயர் கேட்டது. லோகநாயகி என்று அடித்தேன். நிறுவனத்தின் வகை கேட்டது. ‘பிற’. என்ன வேலை என்று கேட்டது. என்ன எழுதுவது? ‘தோழியின் குடும்ப விழாவில் சமைத்தேன், விருந்தினர் பையில் பணம் இருந்தது, சம்பளமா என்று எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதினேன். நூறு எழுத்துக்குமேல் போகாது என்று பாதியில் வெட்டிவிட்டது.

மார்ச் 14, வியாழன்

பணத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மார்ச் 26, காலை பத்தரைக்கு ஓர் அதிகாரி தொலைபேசியில் விசாரிப்பாராம். வந்த வருமானம் பற்றியும், ‘வேலைக்குத் தயாராக இருத்தல்’ பற்றியும். இரண்டாவது எதற்கு? அதைப் பற்றி நான் ஒன்றுமே எழுதவில்லையே.

வெட்டிப்போன வாக்கியத்தில் என்ன மிச்சம் இருந்தது என்று நினைவில்லை.

மார்ச் 18, திங்கள்

பைன் மரங்கள் பூத்துவிட்டன. கார், ஜன்னல், ஆதிரையின் தள்ளுவண்டி எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூள். யாரோ ஊருக்கே மஞ்சள் அரைத்துத் தூவிய மாதிரி இருக்கிறது. தும்மல் நிற்கவில்லை.

மாலையில் அழைத்துவரப் போனபோது டேகேர் டீச்சர் மிஸ் கீஷா ஆதிரையை விடவே இல்லை. கட்டிப்பிடித்து, “இந்தச் சிரிப்பில்லாமல் நாங்கள் என்ன செய்வோம்” என்றாள். கண் கலங்கிய மாதிரி இருந்தது. மகரந்தமாகவும் இருக்கலாம். பெரிய குழந்தைகள் வகுப்புக்கு ஆதிரையை மாற்றுகிறார்கள்போல. கீஷா நல்ல பெண். புது டீச்சரோடு ஆதிரை ஒட்டுவாளா என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

மார்ச் 20, புதன்

ஆதிரையின் மாற்று உடைகள், சின்னப் போர்வை, அலமாரியில் ஒட்டியிருந்த அவளுடைய போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வசந்த காலச் சுத்தம். எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, திரும்பக் கொண்டுபோக வாசுவிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தவர், அலுவலக அழைப்பு என்று போய்விட்டார்.

ஏப்ரல் மாத டேகேர் கட்டணத்துக்கு இன்னும் பில் வரவில்லை. பில் அனுப்பும் ஆப் என் பழைய அலுவலக மின்னஞ்சலில் இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். வாசு அவர் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

மார்ச் 22, வெள்ளி

வாசு ஒரு பெரிய பிளாஸ்டிக் தடுப்பு வாங்கிவந்து கூடத்தில் வளைத்துக் கட்டியிருக்கிறார். குழந்தை உள்ளே விளையாடலாம். “ஆஃபர்ல கிடைச்சுது” என்றார். அவள்தான் நாள் முழுக்க டேகேரில் இருக்கிறாளே, எதற்கு இவ்வளவு பெரியது? கூடத்தில் சோபாவுக்கு இடமில்லை.

மூன்று இடத்தில் விண்ணப்பித்தேன்.

மார்ச் 25, திங்கள்

இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது லோகா அக்கா. ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். முருங்கைக்காய்க்குப் பின்னால் எப்படி ஒளிவது?

அவரே கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்குக் கொஞ்சம் கத்திப்போட்டேங் கண்ணு. மனசுல வச்சுக்காத.”

நாளைக்கு விசாரணை. இதைவிட்டால் கேட்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனது, படிவம், கவர் எல்லாம். “அது சமையலுக்குக் குடுத்ததாக்கா? கூலியா? அதத்தான் நாளைக்குக் கேப்பாங்க.”

“கூலியா!” அக்கா கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். “சமையலுக்கு நாங் காசு குடுப்பனா உனக்கு? நீ எந்தங்கச்சி மாதிரி. வாசு தம்பி தமிழ்ப்பள்ளியில வெச்சுச் சொல்லுச்சு, வேலை போயிருச்சுன்னு. நேராக் குடுத்தா நீ வாங்க மாட்டே. அதாஞ் சரி, தாம்பூலத்தோட வெச்சுப்போட்டா மறுக்க முடியாதுன்னு…”

முருங்கைக்காயை எடை போட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. வீட்டில் நிறைய இருக்கிறது.

அது கூலியாகவே இருந்திருந்தால் தேவலை.

மார்ச் 26, செவ்வாய்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். அதிகாரி பெயர் வால்டர்ஸ். வயதானவர், இந்தப் பக்கத்து இழுவைப் பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘மேம்’. பேச்செல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன். நான் சமையலறை மேசையில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையில் பேனாவோடு. வாசு பக்கத்து அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது.

சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி வாங்கினார்.

“மேம், சாப்பாடு கெட்டுப்போயிருந்தால் அந்த அம்மாள் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பாரா?”

“கேட்டிருக்க மாட்டார். பத்து வருடத்துக்கு எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது. “இதற்கு முன் அவருக்குச் சமைத்திருக்கிறீர்களா?”

“மூன்று தடவை.”

“அப்போது பணம் கொடுத்தாரா?”

“இல்லை. இனிப்பு கொடுத்தார்.”

“அப்படியானால் இந்த முறை எதற்குக் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்?”

இதற்குத்தான் இரண்டு வாரமாக விடை தேடிக்கொண்டிருந்தேன். நேற்றுக் கிடைத்தும்விட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல இவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை.

“எனக்கு வேலை போய்விட்டதால்” என்றேன்.

“சமையலுக்கு அல்ல.”

“அல்ல. பாவப்பட்டு.”

அவர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “அப்படியானால் அது அன்பளிப்பு, மேம். வருமானம் ஆகாது என்றுதான் எனக்குப் படுகிறது.” நல்ல செய்திதான். எனக்கு ஏன் முகம் எரிந்தது?

அடுத்ததாக, வெள்ளிக்கிழமை நாள் முழுக்கச் சமைத்தபோது யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பீர்களா என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருப்பேன் என்றேன். குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். டேகேர் பெயரைச் சொன்னேன்.

“இப்போதும் அங்கே சேர்ந்திருக்கிறாளா?”

“ஆமாம்” என்றேன்.

நாற்காலி நகர்கிற சத்தம். வாசு கதவருகே வந்து நின்றார். காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். முகம் எப்படியோ இருந்தது.

“தமா,” என்றார் மெதுவாக. “இந்த வெள்ளியோட.”

“என்னது வெள்ளியோட?”

“டேகேர். நோட்டீஸ் குடுத்துட்டேன். போன மாசமே. வியாழக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்.”

போர்வை, போட்டோ, மிஸ் கீஷாவின் கண், கூடத்தில் அந்தத் தடுப்பு. எதையும் நான் யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். அவையே வரிசையாக வந்து நின்றன.

“மேம்? இருக்கிறீர்களா?”

“ஒரு நிமிடம்” என்றேன்.

“எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.”

கேள்வி ‘இப்போது’ என்றுதான் இருந்தது. இப்போது சேர்ந்துதான் இருக்கிறாள். ஆமாம் என்று சொன்னது பொய் இல்லை. நான் அப்படியே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது என்று வாசு சொல்வாரே, அந்த மாதிரி.

“ஐயா, நான் முன்பு சொன்னதைத் திருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை வரைதான். எனக்கு இப்போதுதான் தெரிந்தது.”

மறுபடி தட்டச்சுச் சத்தம். பிறகு குரலை மாற்றாமல் கேட்டார். “திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உங்களுக்கு வேலை கிடைத்தால், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?”

நான் வாசுவைப் பார்த்தேன். வாசு என்னைப் பார்த்தார்.

“அவளுடைய அப்பா” என்றேன். “வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்.”

“அவருக்கு இது தெரியுமா, மேம்?”

“இப்போதுதான் தெரிந்தது.”

இந்த முறை அவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு, கணவர் பக்கத்தில் இருந்தால் அவர் வாயாலேயே உறுதிப்படுத்தலாமா என்று கேட்டார். நான் போனை வாசு பக்கம் தள்ளினேன்.

வாசு தொண்டையைச் செருமினார். “யெஸ் சார்” என்றார். பிறகு அவரே ஒரு முறை, “ஐ வில்” என்றார். கல்யாணத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

போனை வைத்த பிறகு:

“எனக்கு ஒரு நாளைக்கு ஆறு மீட்டிங் தமா.”

“தெரியும்.”

“நீ வீட்ல இருக்கும்போது எதுக்குன்னுதான் நான்… ஆகஸ்ட்ல பெர்மிட்டும் முடியுது. உனக்காகவும்தான் யோசிச்சேன். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு, பாப்பாவோட இரு…”

“என்னக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. அன்னிக்கு.”

“நான் என்ன சொன்னேன்?”

காதுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“லோகா அக்காகிட்டச் சொல்லத் தெரிஞ்சுது. டேகேர்ல சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட மட்டும் பாக்கலாம், பாக்கலாம். எதப் பாக்கறதுக்குங்க?”

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 27, புதன்

டேகேர் இயக்குநர் மிஸ் டெனீஸைப் பார்த்தேன். ஆதிரையின் இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மா திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாள். எட்டு மாதமாகக் காத்திருந்தாளாம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வரிசையில் பெயர் எழுதிவிட்டு வந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

கடைசி நாள். மிஸ் கீஷாவுக்குப் புளிசாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை கண் கலங்கியது மகரந்தமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 4, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ‘நீங்கள் தகுதியுடையவர்.’ நிறுத்திவைத்த நான்கு வாரப் பணமும் சேர்ந்து வரும். நான்கு முறை படித்தேன். அதில் ஓர் இடத்தில், ‘குழந்தைப் பராமரிப்பு: தந்தை, வீட்டில்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் ஐந்தாவது முறையும் படித்தேன்.

வாசு, “ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான தமா” என்றார்.

“உறுதிமொழி வாங்கிட்டுத்தான் கேட்டாருங்க.”

லோகா அக்கா கொடுத்த நூற்றியொன்று சுவாமி அலமாரியில் இருக்கிறது. செலவழிக்க மனம் வரவில்லை. ஸ்வேதாவுக்குக் குழந்தை பிறக்கட்டும். ஒரு கொலுசு வாங்கி, தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்துவிடலாம். அப்போது அக்கா மறுக்க முடியாது.

ஏப்ரல் 11, வியாழன்

நேர்காணல். நேரில் வரச் சொன்னார்கள். மயில் கழுத்து ரவிக்கைத் துணியில் ஹேமா தைத்துக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் கேள்விகள். ஒரு படிவத்தைக் காட்டி, இதை எப்படி உடைப்பாய் என்று கேட்டார்கள். ஆம், இல்லை என்று இரண்டே விடை இருக்கிறதே, இரண்டிலும் சேராத ஒருத்தி வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன். ஒருவர் குறித்துக்கொண்டார். நல்ல அறிகுறியா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசு ஆதிரையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றபடியே மீட்டிங்கில் இருந்தார். சட்டையில் பருப்புசாதம். தடுப்புக்குள்ளே அவருடைய செருப்பும் ஒரு கரண்டியும். போனை ஊமையாக்கிவிட்டு, “பாப்பா அஞ்சு நிமிஷம் தூங்கினா தமா. அஞ்சே நிமிஷம். நீ எப்படிச் சமாளிச்ச?” என்றார்.

எனக்கும் தெரியாது. அப்படியே சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று போனவள், வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகக் கழுவினேன்.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்றுச் சித்திரை முதல் நாள். பலகாரத்தில் நேரம் போய்விட்டது. இன்று காலைதான் உட்கார்ந்தேன்.

வேலை செய்தீர்களா? இல்லை. எதையாவது மறுத்தீர்களா? இல்லை. எத்தனை இடத்தில் தேடினீர்கள்? நான்கு. அந்தக் கேள்வி வந்தது. ‘இந்த வாரத்தில் எல்லா நாளும் வேலைக்குத் தயாராக இருந்தீர்களா?’ எல்லா வாரமும் இதன் முன்னால்தான் உட்கார்ந்துவிடுவேன். தயார் என்றால் என்ன, யாருக்குத் தயார், குழந்தைக்குச் சளி பிடித்த புதன்கிழமை தயார்தானா என்று.

பக்கத்து அறையிலிருந்து ஆதிரையின் அழுகை. அதற்குமேல் வாசுவின் குரல், ஆங்கிலத்தில்: மன்னிக்கவும், அது என் மகள்.

ஆம் என்று அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். தோளில் ஆதிரை, தலைமுடியெல்லாம் நின்றுகொண்டு. “தமா, நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குப் பெரிய மீட்டிங். நீ வீட்லதான இருப்ப?”

அந்த நிறுவனம் இரண்டாவது சுற்றுக்கு நாளைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம். கூப்பிடாமலும் போகலாம். எனக்குத் தெரியாது.

“பாக்கலாம்” என்றேன்.